அமெரிக்கக் காவல்துறை வன்முறை வழக்குகளில் காட்சிச் சான்றும் அதன் வாசிப்பும் (1937–2021)

ஆய்வுச் சுருக்கம்

காவல்துறையினர் பலத்தைப் பயன்படுத்திய நிகழ்வு படமாகப் பதிவாகிவிட்டால் உண்மை தானாகவே நிலைநாட்டப்படும் என்னும் நம்பிக்கை அமெரிக்கப் பொதுவாழ்வில் நெடுங்காலமாக நிலவுகிறது. சிகாகோ (1937), லாஸ் ஏஞ்சல்ஸ் (1991–93), ஜார்ஜியா (2001–07), மினியாபொலிஸ் (2020–21) ஆகிய இடங்களில் எழுந்த நான்கு வழக்குகளைக் கொண்டு இந்நம்பிக்கையை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரே காட்சியை மக்கள் வேறுவேறாகக் காண்பதைப் பார்வையாளரின் மனச்சாய்வால் மட்டும் விளக்க இயலாது. படம் யார் கையில் இருந்தது, எந்த வினாடியில் தொடங்கியது, அதிலுள்ள அசைவுகளுக்குப் பெயரிடும் தகுதி யாருக்கு வழங்கப்பட்டது ஆகியவற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: காட்சிச் சான்று, காவல்துறை வன்முறை, செய்திப்படம், ஜூரி, நிபுணர் சாட்சியம், உடல்கேமரா.

முன்னுரை

1992 ஏப்ரல் 29 அன்று கலிபோர்னியாவின் சிமி வேலி நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்ட தீர்ப்பு, அதைக் கேட்டவர்களுள் பெரும்பாலோருக்கு விளங்காததாகவே இருந்தது. 25 வயதுக் கறுப்பின இளைஞர் ராட்னி கிங்கை லாஸ் ஏஞ்சல்ஸ் காவலர்கள் தடிகளால் தாக்கிய காட்சியை உலகம் ஓராண்டுக்கும் மேலாகத் தொலைக்காட்சியில் கண்டிருந்தது. அதே காட்சியைப் பலமுறை கண்ட ஜூரிகள் 12 பேரும் நான்கு காவலர்களை விடுவித்தனர்; ஒரு காவலர்மீதான ஒரேயொரு குற்றச்சாட்டில் மட்டும் அவர்களால் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. தொடர்ந்த நாட்களில் நகரம் எரிந்தது. 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தீர்ப்புக்கு இருவகை விளக்கங்கள் வழக்கிலுள்ளன. ஜூரியில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை, ஆகவே இனச்சாய்வு கண்ணை மறைத்தது என்பது ஒன்று. தொலைக்காட்சி காட்டியது வெட்டப்பட்ட படம், ஜூரிகள் கண்டதோ முழுப்படம் என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினும், இரண்டும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றன: உண்மை படத்திற்குள் முழுமையாகக் கிடக்கிறது, தடையற்ற கண்ணுக்கு அது தெரியும். இவ்வெடுகோள் எவ்வளவு தாங்கும் என்பதை அறிய, கைக்கேமராக்கள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு படச்சுருளிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

சிகாகோ, 1937: பூட்டிவைக்கப்பட்ட சுருள்

1937 மார்ச்சில் அமெரிக்காவின் மிகப்பெரிய எஃகு நிறுவனமான யு.எஸ். ஸ்டீல் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ரிபப்ளிக் ஸ்டீல் உள்ளிட்ட அடுத்தநிலை நிறுவனங்கள் மறுத்தன. மே இறுதியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நினைவுநாள் விடுமுறையான மே 30 அன்று, சிகாகோவின் தென்பகுதியிலிருந்த ரிபப்ளிக் ஆலையை நோக்கித் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் ஆதரவாளரும் திறந்தவெளி ஒன்றின் ஊடாக ஊர்வலமாகச் சென்றனர். காவலர் அணி அவர்களை மறித்தது. முன்வரிசையினர் காவலர்களோடு பேசிக்கொண்டிருந்த சிறிது நேரத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. 10 பேர் இறந்தனர். பின்னர் விசாரித்த செனட் குழுவின் கணக்குப்படி அவர்களுள் எழுவருக்கு உயிர்போக்கிய காயம் முதுகில் இருந்தது, மூவருக்குப் பக்கவாட்டில். முன்புறத்தில் எவருக்கும் இல்லை. காவலர் ஒருவர்மீதும் குண்டு பாயவில்லை.

பாரமவுண்ட் செய்திப்பட நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் ஆர்லாண்டோ லிப்பர்ட் அங்கிருந்து படம்பிடித்தார். ஆனால் அச்சுருள் திரையரங்கிற்கு வரவில்லை. நாளிதழை ஒருவர் வீட்டில் தனியே வாசிக்கிறார், திரைப்படத்தையோ ஆயிரம்பேர் கூட்டமாக அமர்ந்து காண்கின்றனர், கூட்டம் கொதித்தெழக்கூடும் என்பது நிறுவனம் சொன்ன காரணம். இக்காரணத்தைச் சாக்கு என ஒதுக்கிவிடுவது எளிது. அது சாக்காகவும் இருந்திருக்கலாம். எனினும், காட்சியைக் காணும் முறையே காட்சியின் பொருளைத் தீர்மானிக்கும் என்பதைப் பின்னாளைய கோட்பாட்டாளர்களுக்கு முன்பே ஒரு வணிக நிறுவனம் உணர்ந்திருந்தது என்பதற்கும் அது சான்று. இதற்கிடையே, கம்யூனிஸ்டுகளால் தூண்டப்பட்ட கும்பல் ஆலையைக் கைப்பற்ற வந்தது என்னும் காவல்துறையின் கூற்றே பல நாளிதழ்களில் செய்தியாயிற்று.

விஸ்கான்சின் செனட்டர் இளைய ராபர்ட் லா ஃபோலெட் தலைமையிலான செனட் துணைக்குழு அச்சுருளைச் சட்ட அழைப்பாணை மூலம் பெற்றது. சுருளில் இருந்தவற்றை ஜூன் 16 அன்று செயிண்ட் லூயிஸ் போஸ்ட் டிஸ்பேட்ச் இதழில் பால் ஆண்டர்சன் விரித்தெழுதினார். குழு அப்படத்தைப் பொது விசாரணையில் திரையிட்டது; காவல்துறையின் பலப்பிரயோகம் சூழ்நிலையின் தேவையை வெகுவாக மீறியது எனவும் முடிவுசெய்தது. அதன்பின் பாரமவுண்ட் படத்தை வெளியிட்டபோது சிகாகோவில் அது தடைசெய்யப்பட்டது. அந்நகரில் 1907 முதல் திரைப்படத் தணிக்கை காவல்துறையின் அதிகாரத்திலேயே இருந்துவந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்ட துறையே சான்றைக் காண்பதற்கான அனுமதியையும் கையில் வைத்திருந்தது.

இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மறைக்கப்பட்ட படம் வெளிவந்து உண்மையை நிலைநாட்டியது என முடிப்பர். அவ்வாறு முடிக்க இயலாமைக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, மரண விசாரணை ஜூரி அக்கொலைகளை நியாயப்படுத்தத்தக்க உயிரிழப்பு என்றே தீர்மானித்தது. காவலர் எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. இரண்டாவது காரணம் சுருளுக்குள்ளேயே இருக்கிறது. மோதல் தொடங்கிய அந்தச் சில வினாடிகளில் லிப்பர்ட் வில்லையை மாற்றிக்கொண்டிருந்தார். முன்வரிசை பேசிக்கொண்டிருப்பது படத்தில் உள்ளது; மக்கள் குவியலாக வீழ்வதும் காவலர்கள் ஓடுவோரைத் துரத்தி அடிப்பதும் உள்ளன. முதல் அசைவு யாருடையது என்பது இல்லை. அந்த இடைவெளிக்குள் ஒரு தரப்பினர் கல்லெறிதலை நிரப்பிக்கொண்டனர். மறுதரப்பினர் முன்னெச்சரிக்கையற்ற துப்பாக்கிச்சூட்டை நிரப்பிக்கொண்டனர். செனட் குழு இவ்விடைவெளியைப் படத்தைக்கொண்டு கடக்கவில்லை. காயங்கள் உடலின் எப்பகுதியில் இருந்தன என்னும் மருத்துவச் சான்றைக்கொண்டே கடந்தது. காட்சிச் சான்றின் முதற்பெரும் வெற்றி எனப் போற்றப்படும் நிகழ்வில் தீர்மானமான பங்கை ஆற்றியவை உடற்கூறுப் பதிவுகளே எனலாம்.

லாஸ் ஏஞ்சல்ஸ், 1991–93: உடலை வாசித்தல்

1991 மார்ச் 3 பின்னிரவில் ஜார்ஜ் ஹாலிடே என்பவர் தம் குடியிருப்பின் மாடத்திலிருந்து சோனி கைக்கேமராவால் பதிவுசெய்த படம், உள்ளூர்த் தொலைக்காட்சியான கேடிஎல்ஏ வழியாக மறுநாள் வெளியாயிற்று. பின்னர் உலகெங்கும் பரவியது. தடியடிகளின் எண்ணிக்கை 56 எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. படத்தின் தொடக்கத்தில், கிங் எழுந்து காவலர் ஒருவர் இருந்த திசையில் விரையும் சில வினாடிகள் உண்டு. அவற்றைத் தொடர்ந்து படம் மங்குகிறது. இத்தொடக்கப்பகுதி பெரும்பாலான ஒளிபரப்புகளில் வெட்டப்பட்டிருந்தது. ஆகவே நாட்டு மக்கள் கண்ட படமும் நீதிமன்றம் கண்ட படமும் ஒன்றல்ல என்னும் கூற்று உண்மையே. ஆயினும் இதனைத் தீர்ப்புக்கான முழு விளக்கமாகக் கொள்வது பிழை. அவ்வினாடிகள் முதல் அடிக்குக் காரணம் கூறலாம். தரையில் கிடந்தவர்மீது விழுந்த பிந்தைய அடிகளுக்கு அவை காரணம் கூறா. அவ்வடிகளை ஜூரிகள் எவ்வாறு ஏற்றனர் என்பதே விளக்கப்பட வேண்டிய சிக்கல்.

இதற்கான விடையை மொழியியல் மானிடவியலர் சார்லஸ் குட்வின் 1994இல் அமெரிக்கன் ஆந்த்ரபாலஜிஸ்ட் இதழில் வெளியிட்ட கட்டுரையில் காணலாம். அரசுத்தரப்பு, படம் தனக்காகத் தானே பேசும் எனக் கருதியது. எதிர்த்தரப்போ படத்தைப் பேசவைத்தது. அது படத்தை மறைக்கவோ அதன் நம்பகத்தன்மையை மறுக்கவோ முயலவில்லை. மாறாக, மீண்டும் மீண்டும் அதைக் காட்டியது, சட்டகம் சட்டகமாக நிறுத்தியது. காவல் அதிகாரி ஒருவர் நிபுணராகச் சாட்சிக்கூண்டில் நின்று ஒவ்வொரு சட்டகத்துக்கும் தொழில்மொழியில் பெயரிட்டார். தொடர்ந்து விழுந்த அடிகள், தனித்தனிப் பலப்பிரயோகங்களாகப் பிரிக்கப்பட்டன. அடிக்கும் அடிக்கும் இடைப்பட்ட நொடி, காவலர் நிலைமையை மதிப்பிடும் காலமாயிற்று. பலத்தை உயர்த்துதல், தாழ்த்துதல், மீண்டும் மதிப்பிடுதல் என்னும் படிநிலைக்குள் மொத்த நிகழ்வும் அடுக்கப்பட்டது. கிங்கின் கால் சற்று மடங்குவது, இடுப்பு தரையிலிருந்து எழுவது போன்ற சிற்றசைவுகள் எதிர்ப்பின் அறிகுறிகளாயின. வலியால் துடிக்கும் உடலும் தாக்க எழும் உடலும் ஒரு சட்டகத்தில் ஒன்றுபோலவே தோன்றும். எது எது என்று சொல்லும் தகுதி காவல்தொழிலின் பயிற்சி பெற்றவருக்கே உரியதாக நிறுவப்பட்டது.

இவ்வாசிப்பில் கவனத்திற்குரிய இன்னொன்றும் உண்டு. சுட்டுக்கோல் எப்போதும் கிங்கின் உடல்மீதே நகர்ந்தது. அடிப்பவர்கள் பின்னணியாயினர், அடிபடுபவர் நிகழ்வின் கருத்தா ஆனார். ‘அவர் இவ்வாறு அசைந்தார், ஆகவே தடி இவ்வாறு இறங்கியது’ என்னும் வாக்கிய அமைப்பில் எழுவாய் கிங்; காவலர் பயனிலைக்குள் கரைந்துவிடுகிறார். காவல்நிலைய வாக்குமூலப் பதிவுகள் குறித்து டேனியல் லாசிட்டர் 1980களிலிருந்து நடத்திய சோதனைகள் இதற்கு வேறொரு திசையிலிருந்து துணைசெய்கின்றன. கேமரா சந்தேக நபரை மட்டும் காட்டும்போது அவர் தம் விருப்பின்படியே பேசினார் என்று பார்ப்போர் கருதுகின்றனர். விசாரிப்பவரும் சமமாகத் தெரியும்போது அம்மதிப்பீடு குறைகிறது. யார்மீது பார்வை நிலைகொள்கிறதோ அவரே செயலுக்குக் காரணராகத் தோன்றுகிறார். லாசிட்டரின் சோதனையில் அதைக் கேமரா செய்தது. சிமி வேலியில் நிபுணரின் சுட்டுக்கோல் செய்தது.

இவ்விளக்கம் இனச்சாய்வு என்னும் விளக்கத்தைத் தள்ளிவிடுவதாகப் பொருள்கொள்ளலாகாது. ஊடக வெளிச்சத்தின் காரணமாக வழக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வென்ச்சுரா மாவட்டத்திற்கு மாற்றப்பட்டது. அதனால் அமைந்த ஜூரியில் பதின்மர் வெள்ளையர். எஞ்சியோருள் ஒருவர் லத்தீன் அமெரிக்கர், மற்றவர் ஆசிய வம்சாவளியினர். காவலரின் சொல்லைத் தொழிலறிவாகவும், கிங்கின் உடலை அச்சுறுத்தலாகவும் ஏற்பதற்கான நிலம் அங்கு முன்பே பண்பட்டிருந்தது. நிபுணரின் மொழி, அந்த ஏற்பைக் கூச்சமின்றிச் சொல்வதற்கு வழியமைத்துத் தந்தது. குட்வினின் கட்டுரையைப் பயன்படுத்தும் பலர் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுவதால், ஜூரிகள் ஏதோ சொற்சாலத்தில் மயங்கிய அப்பாவிகள்போல ஆகிவிடுகின்றனர்.

1993இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குடியுரிமை மீறல் வழக்காக இதே நிகழ்வு மீண்டும் விசாரிக்கப்பட்டது. இம்முறை அரசுத்தரப்பு படத்தை வாயடைத்து நிற்கவிடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையைச் சேர்ந்த வேறோர் அதிகாரியை நிபுணராக நிறுத்தி, எந்த அடி முதல் பலப்பிரயோகம் விதிகளை மீறிற்று என எடுத்துரைக்கச் செய்தது. ஜூரியில் கறுப்பினத்தவர் இருவர் இருந்தனர். கிங்கும் சாட்சியம் அளித்தார். முதல் வழக்கில் அவர் அழைக்கப்படவே இல்லை. ஏப்ரல் 17 அன்று ஸ்டேசி கூன், லாரன்ஸ் பவல் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. ஏனைய இருவர் விடுவிக்கப்பட்டனர். படம் மாறவில்லை. அதைச் சூழ்ந்திருந்த எல்லாம் மாறியிருந்தன.

ஸ்காட் எதிர் ஹாரிஸ், 2007: தனக்காகத் தானே பேசும் படம்

படம் தானே பேசும் என்னும் நம்பிக்கை தோற்றுப்போன பதினைந்தாண்டுகளில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்கே சட்டத்தகுதி வழங்கியது. 2001 மார்ச்சில் ஜார்ஜியாவில் மணிக்கு 55 மைல் எல்லையுள்ள சாலையில் 73 மைல் வேகத்தில் சென்ற 19 வயது இளைஞரைக் காவலர்கள் துரத்தினர். காவல் அதிகாரி டிமதி ஸ்காட் தம் வண்டியால் அவரது காரைப் பின்னிருந்து மோதினார். கார் கவிழ்ந்தது, இளைஞரின் கைகால்கள் செயலிழந்தன. காவல் வண்டிகளின் முகப்புக் கேமராக்களில் துரத்தல் பதிவாகியிருந்தது. கீழமை நீதிமன்றங்கள் இரண்டும் இதனை ஜூரியே தீர்மானிக்க வேண்டும் என்றன. உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் ஜூரியே தேவையில்லை என்றது. நீதிபதி அந்தோனின் ஸ்காலியா, அத்துரத்தலை ஹாலிவுட் படத்துரத்தலோடு ஒப்பிட்டு எழுதினார். நியாயமான எந்த ஜூரியும் வேறுவிதமாகக் கருத முடியாது என்னும் முடிவுக்குச் சான்றாகப் பதிவையே நீதிமன்ற இணையதளத்தில் ஏற்றச் செய்தார்.

மாறுபட்ட ஒரே நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். அப்போது அவருக்கு வயது 87. அகன்ற நெடுஞ்சாலைகளுக்கு முந்தைய இருவழிச் சாலைகளில் தம் சகநீதிபதிகள் வண்டியோட்டக் கற்றிருந்தால் இக்காட்சி அவர்களை இவ்வளவு அச்சுறுத்தியிராது என்று ஓர் அடிக்குறிப்பில் அவர் எழுதினார். கேலியாக வாசிக்கப்பட்ட இவ்வடிக்குறிப்பு, பார்க்கும் கண்ணுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு என்பதைச் சட்டமொழியில் பதிவுசெய்த அரிய இடங்களுள் ஒன்று.

ஸ்காலியாவின் கூற்றை டான் கஹான், டேவிட் ஹாஃப்மன், டொனால்ட் பிரேமன் ஆகியோர் சோதனைக்கு உட்படுத்தி 2009இல் ஹார்வர்ட் லா ரிவியூவில் வெளியிட்டனர். ஏறத்தாழ 1,350 அமெரிக்கர்களுக்கு அதே பதிவு காட்டப்பட்டது. பெரும்பாலோர் நீதிமன்றப் பெரும்பான்மையின் கருத்தையே கொண்டிருந்தனர். மாறுபட்டோர் சிதறிக் கிடக்கவில்லை. கறுப்பினத்தவர், வருவாய் குறைந்தோர், சமத்துவச் சார்புடையோர் எனச் சமூகக் குழுக்களாகத் திரண்டிருந்தனர். ஆகவே ‘நியாயமான எவரும் மாறுபடார்’ என்னும் தொடர், அடையாளம் காணத்தக்க மக்கள் பிரிவுகளை நியாயமற்றோர் என முத்திரையிடுகிறது என்பது அவர்களின் வாதம். நீதிமன்றம் தவறாகப் பார்த்தது என அவர்கள் கூறவில்லை. தான் ஓர் இடத்திலிருந்து பார்க்கிறது என்பதை அது மறந்தது என்பதே குற்றச்சாட்டு.

மனச்சாய்வு என்னும் விளக்கத்தின் எல்லை

இதன்பின் உளவியல் ஆய்வுகள் பெருகின. யேல் கிரனாட் முதலியோர் 2014இல் கண்ணசைவை அளந்து கண்டது வியப்புக்குரியது: காவலரோடு தம்மை அடையாளப்படுத்திக்கொள்வோருக்கும் அவ்வாறு செய்யாதோருக்கும் இடையிலான தண்டனை வேறுபாடு, காவலரை அதிகமாக உற்றுநோக்கியவர்களிடையேதான் கூர்மையாக வெளிப்பட்டது. கூர்ந்து பார்த்தால் உடன்பாடு பிறக்கும் என்னும் பொதுப்புத்தியை இது மறுக்கிறது. யூஜின் கருசோ முதலியோரின் 2016 ஆய்வு, மெதுவோட்டத்தில் காணப்படும் செயல் கூடுதல் உள்நோக்கம் உடையதாகத் தோன்றுவதைக் காட்டியது. இயல்பு வேகத்தையும் சேர்த்துக் காட்டினால் அவ்விளைவு தணிகிறது, நீங்குவதில்லை.

இவ்வாய்வுகளின் மதிப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை தனியொருவரை ஒரு திரையின்முன் அமர்த்தித் தொடங்குகின்றன. எந்தப் படம் அத்திரைக்கு வந்து சேர்ந்தது என்னும் கேள்வி அங்கு எழுவதில்லை. 1937இல் சிகாகோ மக்களின் மனச்சாய்வு எதுவாயினும், அவர்களுக்கு முன் திரையே விரிக்கப்படவில்லை. மேலும், மெதுவோட்டம் உள்நோக்கத்தை மிகைப்படுத்தும் என்பதை அப்படியே சிமி வேலிக்குப் பொருத்தினால் காவலர்கள் கூடுதலாகக் குற்றமுடையோராகத் தோன்றியிருக்க வேண்டும். நடந்ததோ எதிர்மாறு. ஏனெனில் மெதுவாக்கப்பட்டது யாருடைய அசைவு என்பதை அங்கு நிபுணர் தீர்மானித்தார்; மெதுவோட்டத்தால் உள்நோக்கம் பெற்றவர் கிங். ஆய்வுக்கூட முடிவுகளை நீதிமன்றத்திற்குள் கொண்டுசெல்லும்போது இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமை, இத்துறை எழுத்துகளில் அடிக்கடி காணப்படும் குறை.

மினியாபொலிஸ், அதற்குப் பின்

2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்ததும், கைதின்போது மருத்துவச் சிக்கலால் ஒருவர் இறந்தார் என்ற பொருளில் மினியாபொலிஸ் காவல்துறை அறிக்கை வெளியிட்டது. 17 வயதுப் பெண் ஒருவர் கைப்பேசியில் எடுத்த பதிவு அவ்வறிக்கையைப் பொய்யாக்கியது; அதற்காகப் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. 2021இல் நடந்த டெரெக் ஷாவினின் விசாரணை முப்பதாண்டு அனுபவத்தை உள்வாங்கியிருந்தது. கண்களை நம்புங்கள் என்று இறுதியுரையில் ஜூரிகளிடம் கேட்ட அதே அரசுத்தரப்பு, அக்கண்களை வாரக்கணக்கில் பயிற்றுவித்திருந்தது. காவல்துறைத் தலைவரே ஷாவினுக்கு எதிராகச் சாட்சியம் அளித்தார். பலப்பிரயோக நிபுணராக நின்றவர், மீண்டும், ஒரு லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் அதிகாரி. நுரையீரல் மருத்துவர் மார்ட்டின் டோபின், ஃபிளாய்டின் மூச்சுகளை எண்ணிக் காட்டினார். கேமராக் கோணம் ஏமாற்றக்கூடும் என்று எதிர்த்தரப்பு உடல்கேமராப் பதிவை ஒப்பிட்டு வாதிட்டது. முழங்கால் கழுத்தின்மீதா, தோள்பட்டையின்மீதா என்பது கோணத்திற்கேற்ப வேறாகத் தெரிந்தது.

செவிக்கும் இது பொருந்தும் என்பதை ஒரு சிறு நிகழ்வு காட்டியது. சில வினாடி ஒலித்துண்டைக் கேட்ட மாநிலப் புலனாய்வு அதிகாரி, தாம் மிகுதியாகப் போதைமருந்து உண்டதாக ஃபிளாய்ட் சொல்வதுபோல் கேட்பதாக ஒப்புக்கொண்டார். நீண்ட துண்டை அரசுத்தரப்பு ஒலிக்கச் செய்ததும், தாம் போதைமருந்து உட்கொள்ளவில்லை என்றே அவர் சொல்வதாகத் தம் கூற்றை மாற்றிக்கொண்டார். அதே குரல், அதே சொற்கள். துண்டின் நீளம் மட்டுமே வேறு.

உடல்கேமரா இச்சிக்கலைத் தீர்க்குமா என்னும் கேள்விக்கு, அது யாருடைய இடத்திலிருந்து பார்க்கிறது என்பதே முதல் விடை. பலப்பிரயோகம் நியாயமானதா என்பதைக் களத்தில் நின்ற நியாயமான காவலரின் கோணத்திலிருந்தே மதிப்பிட வேண்டும் என 1989இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அச்சட்டக் கற்பனையைக் காவலரின் மார்பில் பொருத்தப்பட்ட கேமரா காட்சியாகவே ஆக்கித் தருகிறது. அதில் எதிரே நிற்பவர் பெரிதாகத் தெரிகிறார். காவலர் தெரிவதே இல்லை. ஒரே நிகழ்வின் உடல்கேமராப் பதிவைக் கண்டோர், முகப்புக் கேமராப் பதிவைக் கண்டோரைவிடக் காவலரின் செயலை உள்நோக்கம் குறைந்ததாக மதிப்பிட்டனர் என 2019இல் பிராடரிக் டர்னர் முதலியோர் கண்டறிந்தனர்.

லிப்பர்ட் வில்லை மாற்றிய வினாடிகளுக்கு இன்று ஒரு தொழில்நுட்ப விடை உண்டு. அமெரிக்கக் காவல்துறைகளில் பெரிதும் புழங்கும் ஆக்சான் உடல்கேமரா, காவலர் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில வினாடிகளையும் சேமித்து வைக்கிறது. இயல்பான அமைப்பில் அது 30 வினாடி. துறை விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். அந்த 30 வினாடிகளில் படம் இருக்கும். ஒலி இருக்காது.